டயருக்கு எண்ணெய் தேய்த்த ஆயுத பூஜை

1. பக்கத்து சீட்டு டிரைவர்

டிரைவர் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே முதலாளி என்னைப் பக்கத்து சீட்டில் உட்காரச் சொன்னார்.

"நான்தான் ஓட்டுவேன். நீ சும்மா குந்திக்கினு வா."

"அப்ப நான் இன்னாத்துக்கு மொதலாளி?"

"வண்டி நின்னுட்சின்னா தள்றதுக்கு. யார்னா கேட்டா, டிரைவர் கீறான்னு சொல்லிக்கிறதுக்கு."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நானும் சிரித்தேன். தள்ளுகிற வேலை அந்த வாரமே வந்துவிட்டது. இன்னொரு வேலை வருவதற்கு ஒரு வருஷம் ஆனது.

கும்மிடிப்பூண்டியில் இப்போது இருக்கிற தொழிற்பேட்டை அன்றைக்குக் கிடையாது. எழுபதுகளின் தொடக்கம். மெட்ராஸிலிருந்து ஆந்திராவுக்குப் போகிற ஜி.என்.டி. ரோட்டை ஒட்டி எங்கள் முதலாளியின் ஒயர் மில் மட்டும் தனியாக நின்றது. தடித்த இரும்புக் கம்பியை இழுத்து இழுத்து மெல்லிய கம்பியாக்குகிற மில். முதலாளியின் பெயரை நான் எழுதப்போவதில்லை. அவருடைய பிள்ளைகள் எல்லாம் நன்றாக இருக்கிறார்கள், நம்மால் அவர்களுக்கு ஏன் பேஜாரு?

மெட்ராஸில் ஒரு வெள்ளைக்கார மேனேஜர் ஊருக்குக் கப்பல் ஏறும்போது தன் காரை விற்றுவிட்டுப் போனார். இரண்டே சீட். கூரைக்குப் பதில் கேன்வாஸ் துணி. மிளகாய்ப் பழச் சிவப்பு. முன்பக்கம் நீளமான பானெட், அதற்குள் முழு எஞ்சின். பின்பக்கம் சின்னதாக ஒரு டிக்கி, அதில் ஸ்டெப்னி போக ஒரு டிபன் கேரியர்தான் வைக்கலாம். ஸ்போர்ட்ஸ் கார். அதைத்தான் எங்கள் முதலாளி வாங்கினார். அவருக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. உடம்பு என்றால் உடம்பு. கதவைத் திறந்து, முதலில் ஒரு காலை விட்டு, அப்புறம் மூச்சை இழுத்துப் பிடித்து, வயிற்றை ஸ்டியரிங்குக்கு அடியில் செருகி அவர் உட்கார்வதற்குள் நான் ஒரு பீடி குடித்து முடித்துவிடுவேன்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பெயர் தேசப்பன். கவரைப்பேட்டைப் பக்கம். லாரியில் நாலு வருஷம் கிளீனர், அப்புறம் ஏழு வருஷம் டிரைவர். என்னிடம் நிலம் இல்லை, நகை இல்லை. இருந்த ஒரே சொத்து என் லைசென்ஸ். ஏழு வருஷத்தில் அதன் பின்பக்கங்களில் ஒரு எண்டார்ஸ்மென்ட் கிடையாது. எண்டார்ஸ்மென்ட் என்றால் நாம் செய்த குற்றத்தைச் சிவப்பு மையில் லைசென்ஸிலேயே எழுதிவிடுவது. அழிக்க முடியாது.

சர்க்கார் பஸ்ஸுக்கு டிரைவர் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு நான் மனுப் போட்டிருந்தேன். தீபாவளி கழிந்து நேர்முகம். போய்வந்தவர்கள் எல்லாரும் ஒன்றையே சொன்னார்கள். ஆபீசர் முதலில் முகத்தைப் பார்க்கமாட்டார், லைசென்ஸின் பின்பக்கத்தைத்தான் புரட்டுவார். ஒரு சிவப்புக் கோடு இருந்தால் போதும், அடுத்த ஆளைக் கூப்பிடுவார். அதனால் அந்த வருஷம் முழுவதும் நான் அந்தச் சின்னப் புத்தகத்தை நெஞ்சோடு சேர்த்து வைத்திருந்தேன்.

2. ஈர ரோட்டில் வால் தனியாக வரும்

அந்தக் காலத்தில் லாரி, அம்பாசடர் எல்லாமே பின்சக்கரம் தள்ளுகிற வண்டிதான். அதில் அதிசயம் ஒன்றும் இல்லை. ஆனால் லாரிக்குப் பின்னால் லோடு இருக்கும். அம்பாசடருக்குப் பின்னால் ஒரு குடும்பம் இருக்கும். இந்தச் சிவப்புக் காருக்குப் பின்னால் என்ன இருந்தது? காற்று. கனமெல்லாம் முன்னால், பவரெல்லாம் பின்னால். காய்ந்த ரோட்டில் அது குதிரை. மழை பெய்துவிட்டால் சனியன்.

மழையில் இந்த மாதிரி வண்டி ஓட்டுவது பெரிய வித்தை இல்லை, பொறுமை இருந்தால் போதும். வளைவுக்கு முன்னாலேயே, வண்டி நேராக இருக்கும்போதே பிரேக் போட்டு வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். வளைவுக்குள் பிரேக்கைத் தொடக் கூடாது, ஸ்டியரிங்கை வெடுக்கென்று இழுக்கக் கூடாது. ஆக்சிலேட்டரை மிதிக்கவும் கூடாது, திடீரென்று விடவும் கூடாது. காலுக்கு அடியில் முட்டை இருக்கிறது என்று நினைத்துக்கொள்ள வேண்டும். கியரைக் குறைத்துவிட்டு கிளட்சைப் பட்டென்று விட்டால் பின்சக்கரம் ஒரு நொடி பிடித்து நிற்கும், அது பிரேக் போட்ட மாதிரிதான். வழுக்கல் அதிகமாக இருந்தால் நிற்கிற வண்டியைச் செகண்ட் கியரில் எடுக்கலாம். அப்படியும் வண்டியின் வால் ஒரு பக்கம் போய்விட்டால், வால் போகிற பக்கமே ஸ்டியரிங்கைத் திருப்பி, காலை மெதுவாக எடுக்க வேண்டும்.

இதை நான் முதலாளியிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்? செவிடன் காதில் ஊதின சங்கு. அவர் வளைவு வரைக்கும் வேகமாகப் போவார். வளைவுக்குள் போனதும் பயம் வரும். பயம் வந்ததும் பிரேக்கை மிதிப்பார். வால் ஆடும். ஆடினதும், "பாத்தியா, எப்புடி சமாளிச்சேன்!" என்பார். சமாளித்தது அவர் இல்லை, எதிரில் வண்டி வரவில்லை.

"மொதலாளி, மொத மழைதான் ரொம்ப டேஞ்சர். ரோட்ல கீற எண்ணெ, தூசி எல்லாம் ஊறி மேல வரும். அர மணி நேரம் நல்லா பேஞ்சி கழுவிட்டு போனாதான் பிடிமானம் கெடைக்கும்."

"தூறல்தானடா? தூறலுக்கு இன்னா பயம்?"

நான் என் பக்கத்துக் கதவைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

என் பங்குக்கு நானும் ஒரு முட்டாள்தனம் செய்தேன், அதையும் எழுதிவிட வேண்டும். லோடு ஏற்றின லாரி ரோட்டைப் பிடித்துக்கொண்டு போகிறதே என்று, ஸ்டெப்னியைக் கழற்றிவிட்டு, இரண்டு மணல் மூட்டையைக் கட்டி டிக்கியின் கடைசியில் வைத்தேன். முதலாளிக்கும் தெரியாது. கிளம்பும்போது வண்டி சமர்த்தாகத்தான் போனது. பெருவாயல் பக்கம் ஒரு வளைவில், நனைந்த வைக்கோல் மேல் ஏறினதும் வால் ஆடியது. எப்போதும் ஒரு தடவை ஆடி நிற்கும். அன்றைக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம், மறுபடியும் இந்தப் பக்கம். கயிற்றில் கட்டின குண்டைச் சுழற்றின மாதிரி மணல் மூட்டை வண்டியை இழுத்தது. கனத்தைச் சக்கரத்துக்கு மேல் வைக்க வேண்டும், சக்கரத்துக்குப் பின்னால் வைத்தால் அதுவே நம்மைச் சுற்றிவிடும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. வண்டி கடைசியில் ஒரு புளியமரத்துக்கு ஒரு முழம் முன்னால் நின்றது.

"இன்னிக்கு சோக்கா சுத்துச்சு இல்ல?" என்றார் முதலாளி. அன்று சாயங்காலமே மூட்டையை அவிழ்த்து மில் தோட்டத்தில் கொட்டினேன்.

3. அரைகுறை வேலை நம்மகிட்ட ஏது?

ஐப்பசி பிறக்கிற சமயம் ஆயுத பூஜை வந்தது. மழையும் கூடவே வந்தது.

ஒயர் மில்லில் ஒரு வழக்கம் உண்டு. பூஜைக்கு முந்தின நாள், இரும்பாக இருக்கிற எல்லாவற்றையும் கழுவி, துடைத்து, எண்ணெய் தடவ வேண்டும். கம்பி இழுக்கிற டை, உருளை, ஸ்பேனர், தராசு, கேட்டின் தாழ்ப்பாள் வரை. மழைக்காலத்தில் துருப் பிடிக்காது, சாமிக்கு முன்னால் பளபளவென்று இருக்கும். நல்ல வழக்கம்தான். அதைச் செய்விக்கிறவர் வரதன் மேஸ்திரி. கம்பி இழுப்பதில் அவருக்கு நிகர் கிடையாது. ஆனால் வண்டியைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. அவர் வந்துபோவது ரயிலில்.

அன்றைக்கு என்னைப் பொரி, கடலை, வாழைக்கன்று, பூசணிக்காய் வாங்க மெட்ராஸுக்கு மில் லாரியில் அனுப்பிவிட்டார்கள். வந்து பார்க்கிறேன், சிவப்புக் கார் ஷெட்டில் மாலை போட்டுக்கொண்டு நிற்கிறது. மறுநாள் பூஜை. பூஜை அன்றைக்கு ஆயுதத்தைத் தொடக் கூடாது என்பதால் வண்டிப் பக்கம் யாரையும் விடவில்லை. அதற்கும் மறுநாள், விஜயதசமி காலையில்தான் நான் கிட்டே போனேன். ராத்திரி பெய்த மழை விட்டு, தூறிக்கொண்டிருந்தது.

நாலு சக்கரத்துக்கு அடியிலும் எலுமிச்சம்பழம். பானெட்டில் மூன்று பட்டைச் சந்தனம். ஸ்டியரிங் வளையம் முழுவதும் வரதன் மேஸ்திரி தன் கையாலேயே கெட்டியாகச் சந்தனம் அப்பியிருந்தார், ஈரக் காற்றில் அது இன்னும் காயவில்லை. எல்லாம் சரி. டயர் மட்டும் கண்ணாடி மாதிரி மின்னியது. தண்ணீரோ என்று குனிந்து, இரண்டு கையாலும் தடவிப் பார்த்தேன். உள்ளங்கை இரண்டும் கருப்பு. மோந்து பார்த்தால் விளக்கெண்ணெய்.

"மேஸ்திரி! டயருக்கு இன்னா தடவனீங்க?"

"வெளக்கெண்ணெய்ல கரி கொழச்சி தடவனோம். நாலு ஆளு, ரெண்டு மணி நேரம். எப்புடி கீது?"

"பக்கவாட்டுல மட்டும்தான?"

"சீச்சீ, அரைகுறை வேலை நம்மகிட்ட ஏது? ஜாக்கி போட்டு தூக்கி, சக்கரத்த சுத்தி சுத்தி தேச்சோம். ஸ்டெப்னி கூட வுடல."

"ரோட்ல படற எடத்துலயுமா?"

"அதான் ரொம்ப கலீஜா இருந்துச்சி. அங்க ரெண்டு கோட்டிங்கு."

"தலைக்கு எண்ணெ தேய்க்கறவன் உள்ளங்காலுக்கும் தேச்சிக்கினு பாசி புடிச்ச படியில எறங்குவானா மேஸ்திரி?" என்று கத்தினேன்.

அவர் முகம் சுருங்கிவிட்டது. "நல்லது செஞ்சா திட்டறான் பாரு" என்று பக்கத்தில் இருந்தவர்களிடம் முறையிட்டார்.

மண்ணெண்ணெயும் கந்தல் துணியும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு சக்கரத்தைக் கூட முழுதாகத் துடைக்கவில்லை, முதலாளி வந்துவிட்டார். நெற்றியில் குங்குமம், வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி.

"இன்னாடா பண்ற? பூஜை போட்ட வண்டிய தொடைக்கிறியா? அபசகுனம்!"

"மொதலாளி, டயர் பூரா எண்ணெ. ரோடு ஈரமா கீது. ஒரு மணி நேரம் குடுங்க, சுத்தமா எடுத்துடறேன்."

"எண்ணெதான? உருள்றதுக்கு நல்லதுதானடா!"

தலையில் அடித்துக்கொள்ளக் கையைத் தூக்கினேன். கையெல்லாம் கரியாக இருந்ததால் அடித்துக்கொள்ளவில்லை.

அவருக்கு அவசரம் வேறு. ஆந்திராவிலிருந்து கம்பிச் சுருள் ஏற்றி வந்த லாரி, ஏதோ பேப்பர் சரியில்லை என்று எளாவூர் செக்போஸ்ட்டில் நிற்பதாகத் தகவல் வந்திருந்தது. விஜயதசமி அன்று முதல் சவாரியாகத் தானே போய் அதை விடுவித்துக்கொண்டு வர வேண்டும் என்று ஆசை.

"மில் அம்பாசடர்ல போலாம் மொதலாளி. நான் ஓட்டறேன்."

"சாமி கும்ட்டது இந்த வண்டிக்கு. ஏறு."

ஏறினேன். அதைத்தான் இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை. சாவியைப் பிடுங்கியிருக்க வேண்டும், இல்லை வேலையை விட்டு நடந்திருக்க வேண்டும். சம்பளம் வாங்குகிறவன் ஏறிவிடுகிறான்.

4. எளாவூர்

ஷெட்டிலேயே ஆரம்பித்தது. எலுமிச்சம்பழம் நசுங்கினதும் பின்சக்கரம் நின்ற இடத்திலேயே விர்ரென்று சுற்றியது.

"எஞ்சினுக்கு இன்னா பவர் பாத்தியா!" என்றார்.

"பவர் இல்ல மொதலாளி, எண்ணெ."

ஜி.என்.டி. ரோடு அப்போது இரண்டு லாரி ஒன்றையொன்று பார்த்துப் பயந்து ஒதுங்குகிற அகலம்தான். வடக்கே எளாவூர் ஐந்து மைல் இருக்கும். வழியெல்லாம் நான் கெஞ்சினேன். இருபதிலேயே போங்க. பிரேக்க தொடாதீங்க. கால மெதுவா எடுங்க. பாதி தூரம் முப்பதைத் தாண்டாமல் வந்தார், அதுவே எனக்குப் பெரிய ஆச்சரியம். நேர் ரோடு என்பதால் வண்டியும் நேராக வந்தது. அதில் அவருக்குத் தைரியம் வந்துவிட்டது.

எளாவூரில் செக்போஸ்ட்டுக்கு முன்னால் இடது பக்கம் லாரி வரிசை நிற்கும், அரை மைல் கூட நிற்கும். ஒவ்வொரு லாரியும் மணிக்கணக்கில் நின்று டீசலும் எஞ்சின் ஆயிலும் சொட்டும். அந்த இடத்தில் ரோடு எப்போதும் கருப்பாகவே இருக்கும். தூறல் விழுந்தால் அதன் மேல் ஏழு நிறம் தெரியும். லாரிக்காரன் எவனும் அங்கே பத்து மைலுக்கு மேல் போகமாட்டான். டயரில் எண்ணெய், ரோட்டில் எண்ணெய். இரண்டும் சந்திக்கிற இடத்துக்கு முதலாளி நாற்பதில் போனார், வரிசையை ஓவர்டேக் செய்துகொண்டு.

முன்னால் ஒரு லாரி வரிசையை விட்டு மூக்கை வெளியே நீட்டியது. அவ்வளவுதான். முதலாளி ஆக்சிலேட்டரைப் பட்டென்று விட்டார், ஸ்டியரிங்கை வலது பக்கம் இழுத்தார், பிரேக்கை ஓங்கி மிதித்தார். செய்யக் கூடாது என்று ஒரு வருஷமாக நான் சொன்ன மூன்றையும் ஒரே நொடியில் செய்தார்.

வால் இடது பக்கம் போனது.

"பிரேக்க வுடுங்க! லெப்ட்ல திருப்புங்க, லெப்ட்ல!" என்று கத்தினேன். இரண்டு கையையும் முன்னால் டேஷ்போர்டில் ஊன்றிக்கொண்டேன். அவர் பிரேக்கின் மேல் ஏறி நின்றார். வண்டி தன்னைத்தானே ஒரு அரைச் சுற்றுச் சுற்றி, பின்பக்கமாகவே வழுக்கிக்கொண்டு ரோட்டின் வலது ஓரத்துக்குப் போனது. சத்தமே இல்லை, அதுதான் எனக்கு ரொம்பப் பயமாக இருந்தது. காய்ந்த ரோடாக இருந்தால் டயராவது கத்தியிருக்கும்.

அங்கே எட்டியப்பனின் டீக்கடை. லாரிக்காரர்களுக்கெல்லாம் அவனைத் தெரியும். எங்கள் டிக்கி போய் பாய்லர் மேடையில் இடித்தது. பாய்லர் சாய்ந்து, கொதிக்கிற தண்ணீர் எட்டியப்பனின் இடது கையில் தோளிலிருந்து முழங்கைக்குக் கீழே வரை கொட்டிவிட்டது. அவன் போட்ட அலறல் இன்னும் என் காதில் இருக்கிறது.

நான் குதித்து இறங்கி, மண்பானையில் இருந்த குளிர்ந்த தண்ணீரை அவன் கையில் ஊற்றினேன். கடைக்குள்ளிருந்து அவன் பெண்சாதி ஓடி வந்து, "பாவிங்களா, பூ சுத்திக்கினு வந்து கொல்றீங்களே!" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். வண்டியின் மாலை அறுந்து சேற்றில் கிடந்தது.

5. கையைக் காட்டு

செக்போஸ்ட்டிலிருந்து ஏட்டு ஒருவர் சைக்கிளில் வந்தார். ஒல்லியான ஆள், அவசரமே இல்லாத ஆள். அவர் ஸ்டாண்டு போடுவதற்குள் முதலாளி என் பக்கத்தில் வந்து, வாய் அசையாமல் சொன்னார்:

"தேசப்பா, நீதான் ஓட்டிக்கினு வந்தேன்னு சொல்லிடு. அப்பால எல்லாத்தியும் நான் பாத்துக்கறேன்."

அப்போதெல்லாம் அது சர்வசாதாரணம். முதலாளி ஓட்டுவார், இடிப்பார், டிரைவர் ஸ்டேஷனுக்குப் போவான். எனக்குத் தெரிந்த இரண்டு பேர் அப்படிப் போயிருக்கிறார்கள். டிரைவர் என்றால் அதற்கும் சேர்த்துத்தான் என்று எல்லாரும் நினைத்தார்கள். நானும் நினைத்தேன் போலிருக்கிறது.

"யாருய்யா ஓட்டினது?" என்று ஏட்டு கேட்டார்.

என் வாய் என்னைக் கேட்காமலே, "நான்தான் சார்" என்றது.

சொன்ன மறுநொடியே கணக்குப் போட்டேன். சர்க்கார் பஸ் போச்சு. பதினோரு வருஷம் போச்சு. எண்ணெய் தடவினது வரதன், ஓட்டினது முதலாளி, எழுதப்படுவது என் லைசென்ஸில். கோபம் யார் மேல் என்று கூடத் தெரியவில்லை. என் மேலேயேதான் என்று நினைக்கிறேன்.

"லைசென்ஸ எடு."

சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். ஏட்டு அதை வாங்கிப் பின்பக்கத்தைப் புரட்டினார். வெள்ளைத் தாளில் என் கட்டைவிரல் பதிந்து ஒரு கருப்பு ரேகை இருந்தது.

"இன்னாய்யா இது? கையக் காட்டு."

காட்டினேன்.

"டயர்ல எண்ணெ தடவிட்டாங்க சார். தொடச்சேன்."

ஏட்டு காருக்குப் போனார். கதவைத் திறந்து உள்ளே குனிந்து பார்த்தார். ஸ்டியரிங்கில் மஞ்சளாகச் சந்தனம், அதில் இரண்டு கை அழுத்திப் பிடித்த இடம் மட்டும் வழித்தெடுத்த மாதிரி இருந்தது. கருப்பு ஒரு பொட்டு இல்லை. இடது பக்கம், பக்கத்து சீட்டுக்கு முன்னால், டேஷ்போர்டில் பத்து விரலும் கருப்பாகப் பதிந்திருந்தன. நிமிர்ந்து முதலாளியைப் பார்த்தார். முதலாளி கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். அதற்குள் அவருடைய வெள்ளைச் சட்டையில், வயிற்றுக்கு இரண்டு பக்கமும் மஞ்சள் விரல்கள் இருந்தன. இடித்த பயத்தில் கையைச் சட்டையில் துடைத்திருக்கிறார்.

"ஏம்பா," என்று ஏட்டு என்னிடம் திரும்பினார், "கைய பக்கத்து சீட்டாண்ட ஊணிக்கினு, கால்லயா ஸ்டியரிங் புடிச்ச?"

கூடி நின்ற லாரிக்காரர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முதலாளி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மில்லில் எனக்குச் சோறு போடுகிறவர் அவர். அந்தப் பார்வையில் அது இருந்தது.

ஏட்டு பேனாவை மூடவில்லை. "இன்னொரு வாட்டி கேக்கறேன். யாரு ஓட்டினது?"

எட்டியப்பன் கீழே உட்கார்ந்து கையை ஊதிக்கொண்டிருந்தான். வலியில் கண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அப்படியே என்னைப் பார்த்து, "டேய், நான்தான் பாத்தேனே. என் கை வெந்தது பத்தாதா? நீ வேற ஏன்டா உன் கைய கொண்டாந்து வெக்கற?" என்றான்.

அதற்கு மேல் தாங்கவில்லை.

"மொதலாளிதான் சார் ஓட்டினாரு. நான் பக்கத்துல குந்திக்கினு இருந்தேன்."

முதலாளி கத்துவார் என்று நினைத்தேன். அவர் கத்தவில்லை. அப்புறம் பின்னால் கட்டின கையை முன்னால் எடுத்து, மஞ்சளாக இருந்த உள்ளங்கைகளை ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

"எழுதிக்க ஏட்டு. நான்தான்" என்றார். சட்டைப் பையிலிருந்து தன் லைசென்ஸை எடுத்துக் கொடுத்தார்.

ஏட்டு சொல்லி விடுவித்த எங்கள் கம்பி லாரியிலேயே எட்டியப்பனை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். கை ஆறிவிட்டது, தழும்பு மட்டும் நின்றுவிட்டது. முதலாளி அவன் கடையைக் கட்டிக்கொடுத்தார், வாரம் ஒரு தடவை அம்பாசடரில் போய்ப் பார்த்துவிட்டும் வந்தார். என்னிடம் பத்து நாள் ஒரு வார்த்தை பேசவில்லை. வேலை போய்விட்டது என்றே நினைத்திருந்தேன். பதினோராம் நாள் காலையில் அந்தச் சிவப்புக் காரின் சாவியை என் மேல் தூக்கிப் போட்டார்.

"நீயே ஓட்டு. நான் பக்கத்துல குந்திக்கிறேன்."

நாலு டயரையும் மண்ணெண்ணெயால் துடைத்து, சவுக்காரம் போட்டுக் கழுவி, பின்னால் தேய்ந்திருந்த இரண்டையும் மாற்றின பிறகுதான் நான் ஏறினேன். அந்த மழைக்காலம் முழுக்க இருபத்தைந்து, முப்பதில் ஓட்டினேன். எளாவூரில் பத்து. பக்கத்து சீட்டிலிருந்து, "இன்னாடா, மாட்டு வண்டியா ஓட்டற?" என்று தினமும் ஒரு குரல் வரும். வால் ஒரு தடவை கூட ஆடவில்லை.

நேர்முகத்தில், போய்வந்தவர்கள் சொன்ன மாதிரியேதான் நடந்தது. ஆபீசர் என் முகத்தைப் பார்க்காமல் பின்பக்கத்தைப் புரட்டினார்.

"இது என்னய்யா கருப்பா?"

"டயர் எண்ணெ சார்."

"எண்டார்ஸ்மென்ட் இல்லையே?"

"இல்ல சார்."

வேலை கிடைத்தது. இருபத்தெட்டு வருஷம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றேன். அந்தப் பழைய லைசென்ஸ் இன்னும் என்னிடம் இருக்கிறது, விரல் ரேகையோடு.

இளைய டிரைவர்களுக்கு, மழையில் பின்சக்கர வண்டி ஓட்டுவதைப் பற்றி நான் தெரிந்துகொண்டதையெல்லாம் மேலே எழுதிவிட்டேன். பூஜைக்குச் சந்தனம் பூசுங்கள், மாலை போடுங்கள், ரோட்டில் படுகிற ரப்பரில் மட்டும் யாரையும் கை வைக்க விடாதீர்கள். இன்னொன்றும் உண்டு. யார் ஓட்டினது என்று கேட்டால், ஓட்டினவர் பெயரை முதல் தடவையே சொல்லிவிடுங்கள். இரண்டாவது தடவை கேட்கிற ஏட்டு எல்லாருக்கும் வாய்க்கமாட்டார்.